ரேடியோ ரிப்பேர்

செம்மலர் திக்கித் திக்கிப் பாடம் ஒப்பிப்பதைப் பதிவுசெய்து, "ரேடியோ ரிப்பேர்" என்று எழுதி வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டது தன் மகள் இனியாதான் என்று தெரிந்ததும் கோதைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சும்மா ஜாலிக்குத்தாம்மா போட்டேன்."

"அப்படியா? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து இதையே சொல்லு, வா." மகளின் கையைப் பிடித்து அடுத்த தெருவுக்கு இழுத்துப் போனாள்.

செம்மலர் கதவைத் திறந்ததும் இனியா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"இப்பச் சொல்லுடி!" என்று கோதை அதட்டினாள்.

செம்மலர்தான் மிரண்டுபோனாள். "தி… திட்டாதீங்க ஆன்ட்டி. எல்லாரும் சிரிப்பு பொம்மை போட்டாங்க. நா… நானும் போட்டேன்."

இனியா அப்போதுதான் தலையைக் குனிந்தாள். கோதைக்கோ ஆத்திரம் இன்னும் கூடியது. அதை அந்த வாசலில் யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.