மூக்கும் முழியுமாய் ஒரு பேய்

மாமியாரின் தலையைத் திருகிக் கழற்றினாள் மருமகள். கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் துடைத்துவிட்டு, தலையைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள்.

"உடம்பை என்ன பண்றது?" என்றார் கேமராமேன்.

"அலமாரிக்குப் பின்னாடி தள்ளிடுங்க சார். மூணு மணிக்கு வந்துடுவாங்க!"

"தலைய ஒளிச்சு என்ன புண்ணியம்? திரையில பத்தடி உசரத்துக்கு வரப்போகுதே."

"அதுக்குள்ள கரண்ட் போயிடணும்னு வேண்டிக்கங்க."

ஒரு சாண் உயரப் பொம்மை அது. ஆனால் விடுமுறைக்கு வரப்போகிற படத்தில் அதுதான் கதாநாயகி. லீவு விட்டதும் பெட்டியும் கையுமாக ஒரு வீட்டில் வந்து இறங்கி, கிளம்பவே மாட்டேன் என்கிற பேய்.

பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி ஒரு படம் என்று, ஒரு நொடிக் காட்சிக்கே இருபத்துநாலு படம் எடுக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக அதை நகர்த்தியவள் இவள். பேய் முறைக்க வேண்டுமா, முதலில் மேஜைக் கண்ணாடியைப் பார்த்து இவள் முறைப்பாள். அப்புறம் அதே மாதிரி பொம்மையின் புருவத்தை ஒரு நூல் தூக்குவாள்.

பேய்க்கு முகம் பிடித்த நாள் காலையில்தான் மாமியார் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தார். "ஏழு கழுத வயசாச்சு. இன்னும் பொம்மை வெச்சு விளையாட்டு, அதுக்கு ஒரு ஆபீஸு!"

அன்று சாயங்காலத்துக்குள் பேய்க்குக் கிளி மூக்கு முளைத்துவிட்டது. மோவாயில் மச்சம். உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை.

"பாத்தாலே வயித்தக் கலக்குதே! எங்கேர்ந்தும்மா புடிச்ச?" என்று டைரக்டர் கைதட்டினார்.

"சும்மா... கற்பனைதான் சார்."

இன்றைக்கு, வேலை செய்தவர்களின் குடும்பத்துக்குப் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். மாமியாருக்குச் சினிமா என்றாலே ஆகாது, வரமாட்டார் என்று தைரியமாக இருந்தாள். மதியம் கணவன் ஃபோனில் சொன்னான்: "அம்மா எனக்கு முன்னாடியே செருப்பு மாட்டிட்டு வாசல்ல நிக்கறாங்க."

கரண்ட் போகவில்லை. முன்வரிசையில் அதே கிளி மூக்கும் கொண்டையுமாக மாமியார், பக்கத்தில் மகன், அவர்களைச் சுற்றி ஒரு குட்டிப் பட்டாளம். மருமகள் ஓரமாகச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு கிறீச்சிட்டுத் திறக்க, பேய் வந்து நின்றது. குழந்தைகள் வீல் என்று அலறின. பேய் பெட்டியை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய், ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மோந்து பார்த்து "ம்ஹூம்" என்றது. அலறியதெல்லாம் சிரிப்பாக மாறிவிட்டது. பரணில் குடியிருந்த மற்றப் பேய்களை வரிசையில் நிறுத்தி அது பல் தேய்க்க வைத்தபோது ஒரு பொடிசு நாற்காலியிலிருந்தே உருண்டு விழுந்தது.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

பேய் இடுப்பில் கையை வைத்து, ஒற்றைப் புருவத்தைத் தூக்கி முறைத்தது. அவ்வளவுதான். மாமியார் சடக்கென்று நிமிர்ந்தார். மகன் பக்கம் சாய்ந்து காதில் என்னவோ சொன்னார். அவன் திரையைப் பார்த்தான், திரும்பி மனைவியைப் பார்த்தான், வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான்.

'போச்சு. இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?' மருமகள் கதவுப் பக்கமாக ஒரு அடி நகர்ந்தாள்.

விளக்குகள் எரிந்தன. மாமியார் எழுந்து, கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே டைரக்டரிடம் போனார். மருமகள் பின்னாலேயே ஓடினாள்.

"அத்தை, நான் வேணும்னு எதுவும்..."

"நீ சும்மா இரு. ஒரு வார்த்தை பேசக்கூடாது." அவர் டைரக்டரிடம் திரும்பினார். "ஏன் தம்பி, இந்தப் படத்துல எது வந்தாலும் நீங்கதானே பொறுப்பு?"

"ஆமாம்மா," என்றார் டைரக்டர், பாராட்டு வரப்போகிறது என்று சட்டையை நீவிக்கொண்டே. "பேய் எப்படிம்மா?"

மாமியார் மருமகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவ முறைச்சா அச்சு அசல் அப்படித்தான் இருப்பா, இல்லேங்கல. அதுக்காக எங்க வீட்டு மருமகளப் பேயாக் காட்டினா, கேக்க ஆள் இல்லேன்னு நெனச்சீங்களா?"