இரண்டாவது கேசட்

"ரெண்டு மணி நேர கேசட்டுன்னா ரெண்டு மணி நேரம் ஓடித்தான் ஆகணும், வாத்தியாரே. கம்ப்யூட்டருக்குத்தான் அவசரம். டேப்புக்கு இல்ல" என்றார் நிமாக்கோ.

என் மகள் அஜேவா நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் கானா நாட்டுக் குமாசி நகரில் வீடியோக் கடைகள் எல்லாம் மூடிய பிறகும் நிமாக்கோ மட்டும் மூடவில்லை. பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார். முப்பது வருடத்துக்கு முன் என் மனைவி பிராகோவின் சாவுச் சடங்கைப் படம்பிடித்ததும் இவர்தான். இப்போது ஓடிக்கொண்டிருந்தது அதில் இரண்டாவது கேசட்.

பிராகோ போனபோது அஜேவாவுக்கு மூன்று மாதம். அவளிடம் அம்மாவின் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரலைக் கேட்டதில்லை.

சின்ன வயதில் தினமும் கேட்பாள், அம்மா குரல் எப்படி இருக்கும் என்று. உன் குரல் மாதிரிதான் என்று சொல்லிவைத்திருந்தேன்.

"சடங்கு முடிஞ்சதும் நிறுத்திடுங்க" என்று நிமாக்கோவின் காதோரம் சொன்னேன். அந்தச் சடங்கு கேசட்டின் கடைசி அங்குலம் வரை போயிருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாதியில நிறுத்துற பழக்கம் எனக்கு இல்ல, வாத்தியாரே. டேப்போட வால்லதான் எப்பவும் பழசு ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கும்."

திரையில் நான் வந்தேன். சிவப்புத் துணியை ஒரு தோளில் போட்டபடி, மனைவிக்காகக் கொண்டுவந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு நேரே உயர்த்திக் காட்டினேன். பாய். தலையணை. ஆறு துணிகள். சோப்பு, நார், வாசனைக் குப்பி. ஒவ்வொன்றையும் ஒருவர் உரக்கப் பெயர் சொல்லி அறிவித்தார்.

அஜேவா சிரித்தாள். "என்னப்பா, துணிக்கடைக்காரர் மாதிரி பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுறீங்க!"

எங்கள் பக்கம், இறந்த பெண் அவளுடைய தாய்வீட்டாருக்குச் சொந்தம். புருஷன் வெளி ஆள். அவன் என்ன கொண்டுவந்தான் என்று ஊர் பார்க்க வேண்டும்.

அன்று நான் பாயைக் கையில் எடுத்த நேரத்தில் முதல் கேசட் தீர்ந்துபோனது. நிமாக்கோவிடம் வேறு இல்லை. பிராகோவின் தாய்மாமன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "லண்டன்ல இருக்கிற என் பிள்ளைங்க எதைப் பாப்பாங்க? மாப்பிள்ளை வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தான்னுதானே பேசுவாங்க?"

எனக்குக் காது சுட்டது. உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேசட்.

அஜேவாவுக்குப் பெயர் வைத்த எட்டாம் நாள் அதில் இருந்தது. இரவல் கேமராவில் நான் எடுத்தது. யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று பிராகோவே அதன் முதுகிலிருந்த சின்னத் தகட்டைக் கரண்டிக் காம்பால் உடைத்து வைத்திருந்தாள்.

நிமாக்கோ அதைத் திருப்பிப் பார்த்தார். "தகடு உடைஞ்சிருக்கு. இதுல ஏதோ இருக்கே, வாத்தியாரே."

மேலே மறுபடி பதிவாகட்டும் என்று நான் அந்த ஓட்டையின் மேல் பிளாஸ்திரியை ஒட்டினேன். "எடுங்க" என்றேன்.

பெயர் வைக்கும்போது குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டுச் சாராயமும் வைத்து, தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல், சாராயம் என்றால் சாராயம் என்று சொல் என்பார். அந்த எட்டாம் நாள் அஜேவா முகத்தைச் சுளித்தாள். பிராகோ விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த கேசட் முழுக்க அவள்தான் பேசினாள். நாத்தனார்களை வம்புக்கிழுத்தாள், குழந்தையைக் கொஞ்சினாள், அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது என்று கத்தினாள்.

அந்தச் சிரிப்பின் மேல்தான் நான் பாயை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சடங்கு முடிந்தது. திரை கறுத்தது. நான் எழுந்தேன்.

சில கோடுகள் ஓடின. பிறகு ஒரு முக்காலி. அதில் பிராகோ, மடியில் குழந்தையோடு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"போதும் வாத்தியாரே, நிறுத்துங்க. இவ பேச ஆரம்பிக்கட்டும். அப்ப வேற கேசட் வாங்கி எடுங்க."

அவ்வளவுதான். பதினொரு விநாடி.

கரகரத்த, தடித்த குரல். அஜேவாவின் குரல் மாதிரியே இல்லை. எனக்கே மறந்துபோயிருக்கிறது.

அஜேவா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திரும்ப ஓட்டச் சொன்னாள். மறுபடியும் ஓட்டச் சொன்னாள். ஐந்தாவது தடவை அம்மாவோடு சேர்ந்து அவளும் சொன்னாள், "போதும் வாத்தியாரே". அழுதுகொண்டே சிரித்தாள்.

திடீரென்று திரும்பினாள். "இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுப்பா?"



"ஒண்ணும் இல்லம்மா. உங்கம்மா கேமராவைக் கண்டாலே ஓடிடுவா" என்றேன்.

அவள் நிமாக்கோவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அவர் கேசட்டை வெளியே எடுத்தார். அதன் முதுகைக் கட்டை விரலால் மெல்லத் தடவினார்.

"ஆமாம்மா. ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்குவாங்க" என்றார்.

நிமாக்கோ முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்து பிராகோவைப் பார்த்த அன்று, அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.