இருமிய ஆளுக்கு அல்வா இல்லை

"எல்லாருக்கும் அல்வா குடுங்க. அந்த இருமுன ஆளுக்கு மட்டும் ஒரு துண்டுகூடக் குடுக்காதீய!"

மும்பை செம்பூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே உத்தரவு போட்டாள் ஷரீஃபுன்னிசா. நேற்றுதான் தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைத்த இடத்தைச் சுட்டுச் சரிசெய்திருந்தார்கள். காலை அசைக்கக் கூடாதாம். வாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கணவர் ஜஹாங்கீருக்கு மனசெல்லாம் நன்றி. நாலு படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தாராவியில் தோல் பை தைக்கிற தன் கார்கானாவில் அவர் இருந்தாலும், நினைப்பெல்லாம் வீட்டிலேயே கிடக்கும். அவள் இப்படிச் சண்டைபோட்டுப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

சண்டைக்கான காரணம்தான் அவரைச் சங்கடப்படுத்தியது.

"ஆபரேசன் ரூமுக்குள்ள ஆம்பளை எவனும் இருக்கமாட்டான்னு வாக்குக் குடுத்தீயளா, இல்லையா? அத நம்பித்தானே வந்தேன்?"

"அம்புட்டுப் பேரும் பொம்பளையதான் புள்ள. நீ மயக்கத்துல..."

"மயக்கமாவது! நம்ம வாசல்ல தண்ணிக்காரன் வந்து நின்னு இருமுவானே, அதே மாதிரி இருமுனான். நானும் பதிலுக்கு இருமுனேன். அவனா போறான்? திரும்பத் திரும்ப இருமுதான்! நானும் விடல."

வாசலில் வேற்று ஆண் வந்து இருமினால், உள்ளே இருக்கும் பெண் வாய் பேசாமல் பதிலுக்கு இருமுவது அவர்கள் வீட்டுப் பழக்கம். 'அங்கேயே நில்லு, உள்ளே வராதே' என்று அர்த்தம்.

"அவன் யாருன்னு கேட்டுட்டு வாங்க. தெரியாம இனி ஒரு செக்கப்புக்கும் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். வராமல் இருந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து வந்த மஸ்கோத்து அல்வா டப்பாவோடு திரையை விலக்கி வெளியே வந்தார். எதிரே டாக்டர் ஷ்ருதி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். நேற்று சிகிச்சை செய்தவரும் அவர்தான்.

"டாக்டரம்மா, நீங்க செஞ்சதுக்கு எந்தக் காலத்துலயும் நன்றி சொல்லித் தீராது. ஆனா ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது..."

விஷயத்தைக் கேட்டதும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ள ஒரு ஆண்பிள்ளைகூட இல்லை, பாய். ஆனா அவா கேட்ட இருமல் நிஜம்தான்."

ஜஹாங்கீருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சுடற இடத்துக்குப் பக்கத்துலயே நரம்பு இருக்கு. சூடு பட்டா சில பேருக்கு அது இதயத்துக்கே பிரேக் போட்டுடும். நேத்திக்கு அப்படித்தான் ஆச்சு. துடிப்பு விழுந்துடுத்து, பிரஷரும் இறங்கிடுத்து. சூட்டை நிறுத்திட்டு மருந்து ஏத்தினோம். அது வேலை செய்யற வரைக்கும் பேஷண்ட் இருமிண்டே இருந்தா தலைக்கு ரத்தம் போயிண்டிருக்கும். 'இருமுங்கோ, இருமுங்கோ'ன்னு கத்தறேன், காதுலயே விழலை அவாளுக்கு!"

"யா அல்லாஹ்! அப்புறம்?"

"முந்தாநாள் சாயங்காலம் இந்தத் திரைக்கு வெளியே வார்டுபாய் இருமினான். அவன் இருமினப்போல்லாம் உள்ளேர்ந்து உங்க மனைவியும் பதிலுக்கு இருமினா. சட்டுனு அது ஞாபகம் வந்தது."

"அப்போ, இருமுனது யாரு?"

டாக்டர் திரையின் பக்கம் திரும்பி, கையை வாயருகே குவித்து, ஆம்பிளைக் கட்டைத் தொண்டையில் கனமாக ஒரு இருமல் இருமினார்.

மறுகணமே திரைக்கு உள்ளேயிருந்து பதில் இருமல் வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது. "ஏங்க, அவன்தான்! அவனேதான்! விட்டுராதீய!"

ஜஹாங்கீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அல்வாவை டப்பாவோடு அந்த ஆளின் கையில் வைத்தார்.