ஒன்பது புள்ளி எட்டு

"என்னம்மா இது, பேப்பர் வெறுமனே இருக்கு? ஊசல் ஆடறதை வேடிக்கை பாத்துண்டு நின்னியா?"

கேட்டவர், பிராக்டிகல் தேர்வு நடத்த வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த ஹரிநாராயணன் சார்; வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். நேரம் தவறினால் அவருக்குப் பொறுக்காது. காலையில் லேபுக்குள் நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தார். "பரவாயில்லையே, இந்த ஸ்கூல்ல கடிகாரம் ஓடறதே!" என்று லேப் உதவியாளர் தங்கப்பனைப் பாராட்டவும் செய்தார்.

ஊசலை ஆடவிட்டு, ஸ்டாப் கிளாக்கில் நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. விடை ஒன்பது புள்ளி எட்டு என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கும்.

"எனக்கு விடை கிடைக்கல சார்," என்றாள் ஜெபமலர்.

"இதே மேஜையில உனக்கு முன்னாடி பண்ணின அத்தனை பேருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வந்திருக்கே! உன்னை மட்டும் பூமி இழுக்க மாட்டேன்னுடுத்தா?"

நல்ல ஜோக்தான். ஏனோ ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

"மோளே, ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதிக் குடு. சாருக்கு ஊணுக்கு நேரமாச்சு கேட்டோ," என்று தங்கப்பன் கெஞ்சினார்.

"நான் பாக்காததை எழுத மாட்டேன் சேட்டா."

"ஒன்பது புள்ளி எட்டுங்கறது ஆக்சியம் மாதிரி," என்றார் சார். "கேள்வி கேக்கப்படாது. அப்படியே எடுத்துக்கணும்."

"அப்படியே எடுத்துக்கணும்னா எதுக்கு சார் பிராக்டிகல்? கும்பிட்டுட்டுப் போயிடலாமே!"

சாருக்குச் சுருக்கென்றது. "பூஜ்யம் போட்டுடுவேன். பிளஸ் டூவே போயிடும், தெரியுமோன்னோ?"

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சேர வேண்டும் என்ற ஒரே ஆசையில் இருப்பவள் ஜெபமலர். ஆனாலும் பேனாவைத் திறக்கவில்லை.

"போடுங்க சார். அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க."

"என்ன கோளாறுன்னு வாயைத் திறந்து சொல்லேன்!"

"நான் சொன்னா அதையும் நீங்க சும்மா நம்பணும். வேண்டாம் சார். அளந்து பாருங்க."

"என்ன கொழுப்பு!" என்று முனகியபடி அவர் ஊசலை ஆட விட்டு, ஸ்டாப் கிளாக்கை அழுத்தினார். ஊசல் போயிற்று, வந்தது. முள் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். தட்டினார். பின்பக்க மூடியைத் திறந்தார்.

உள்ளே காலி.

சாரின் பார்வை, அவர் முழு மார்க் போட்டுக் கையெழுத்திட்டு அடுக்கி வைத்திருந்த ஒன்பது புள்ளி எட்டுகளின் மேல் போய் நின்றது.

"எங்கேய்யா பேட்டரி?"

தங்கப்பன் தலையைச் சொறிந்தார். "சார் நேரத்துல ரொம்பக் கண்டிப்புன்னு சொன்னாங்க. அதான் காலையில, பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே, அதை எடுத்து அந்தச் சுவர்க் கடிகாரத்துல போட்டேன்."

"இப்ப மார்க் போடுங்க சார்," என்று வெறும் தாளை நீட்டினாள் ஜெபமலர்.