கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு

கரும்பலகையில் மூன்றாவது வரியிலேயே தப்பு நடந்திருந்தது. விசைக்கு முன்னால் வர வேண்டிய மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. அதற்குக் கீழே இருந்த ஏழு வரிகளும் அதனால் தப்பு.

ஆதர்ஷ் சாக்பீஸை எடுத்து அந்தக் குறியைப் போட்டான். ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டே கீழே வந்தான். கடைசியில் விடை சரியாக விழுந்தபோது தன்னை மறந்து சிரித்தான்.

"ஆதர்ஷ்!"

வாசலில் மாதங்கி மேடம் நின்றிருந்தாள். ஆறு வருஷமாக அந்தக் கல்கத்தா கல்லூரியில் இயற்பியல் எடுக்கும் கெஸ்ட் லெக்சரர். எடுக்கிற வகுப்புக்கு மட்டும்தான் சம்பளம். பலகையில் இருந்தது காலையில் அவள் நடத்திய பாடம்.

ஆதர்ஷ் அவசரமாக டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் அழித்தான். அவன் வேலையே அதுதான். பலகை துடைப்பது, பெஞ்சு துடைப்பது, ஸ்டாஃப் ரூமுக்கு டீ கொண்டுபோவது. காக்கிச் சட்டைப் பையின் மேல் 'அட்டெண்டர்' என்ற பேட்ஜ் குத்தியிருந்தது.

"நீ என்ன படிச்சிருக்கே?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்தக் கல்லூரியில் தமிழ் பேசுபவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

"எட்டாவது, மேடம்."

"எட்டாவதுல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

அதற்குள் அடுத்த வகுப்பு மாணவர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டார்கள். மாதங்கி குரலைத் தாழ்த்தி, "நாலு மணிக்கு லேபுக்கு வா. தனியாப் பேசணும்" என்றாள்.

ஆதர்ஷ் டஸ்டரை வைத்துவிட்டு வெளியே வந்தான். அவன் எம்.எஸ்ஸி. இயற்பியல், முதல் வகுப்பு. ஏழு வருஷம் கல்கத்தா முழுக்கச் சான்றிதழ்களோடு அலைந்து பார்த்தவன். கடைசியில் இந்த அட்டெண்டர் வேலைக்கு விளம்பரம் வந்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

நேர்முகத் தேர்வில் பெங்காலி பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது எழுத்துக்கூட்டித் தடுமாறிப் படித்தான். அப்படித் தடுமாற ஒரு மாதம் வீட்டில் பழகியிருந்தான்.

நிரந்தர வேலை. அதை நம்பித்தான் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த திருவேங்கடம் தன் பெண் சுபிக்ஷாவைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. மாப்பிள்ளைக்குக் கிடைக்காத பெண் அட்டெண்டர் மாப்பிள்ளைக்குக் கிடைத்தாள்.

போன வருஷம் லைப்ரரி அட்டெண்டர் தீபக்கும் இப்படித்தான் எம்.ஏ.வை மறைத்துச் சேர்ந்திருந்தான். யாரோ ஒரு மொட்டைக் கடிதாசு போட்டார்கள். 'தகவலை மறைத்த குற்றம்' என்று ஒரே நாளில் வெளியே தள்ளிவிட்டார்கள். கடிதாசு போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது.

மத்தியானம் மாடிப்படியில் நின்று சுபிக்ஷாவுக்குப் போன் செய்தான்.

"சுபி, ஒருத்தங்க கண்டுபிடிச்சுட்டாங்க."

"யாரு?"

"மாதங்கி மேடம்."

"கால்ல விழுந்தாவது கேளுங்க. இன்னொரு ஏழு வருஷம் நீங்க வேலைக்கு அலைய முடியாது" என்றாள்.

மூன்று மணிக்கு டீ எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனான். துர்கா பூஜா லீவு நெருங்கிவிட்டதால் பூரிக்குப் போகிறோம், டார்ஜிலிங்குக்குப் போகிறோம் என்று எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாதங்கி தீதி, நீங்க எங்கே போறீங்க? ஒரு மாசம் லீவாச்சே!" என்று பெங்காலியில் கேட்டாள் ஸ்மிதா மேடம்.

"எனக்கு லீவே பிடிக்காது" என்று வெடுக்கென்று சொன்னாள் மாதங்கி. ஆதர்ஷ் நீட்டிய டீயை வாங்கியபோது அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் அவசரமாக அடுத்த மேஜைக்கு நகர்ந்தான்.

நாலு மணிக்கு லேபுக்குள் நுழைந்ததும் அவள் கதவைத் தாழ் போட்டாள்.

"உண்மையைச் சொல்லு. என்ன படிச்சிருக்கே?"

"எம்.எஸ்ஸி., மேடம். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"தெரிஞ்சேதான் மறைச்சியா?"

"ஆமாம், மேடம்." அவன் கைகூப்பினான். "உங்க தப்பைக் காட்டணும்னு பண்ணலை. பலகையைப் பார்த்ததும் கை தானாப் போயிடுச்சு. இனிமே சாக்பீஸையே தொட மாட்டேன். பிரின்சிபால்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

குனிந்து அவள் காலைத் தொடப் போனான். அவள் பதறி இரண்டடி பின்வாங்கினாள்.

"ஐயோ, எழுந்திருங்க!"

இதுவரை 'வா, சொல்லு' என்றவள் 'எழுந்திருங்க' என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. அவனுக்குப் பயம் இன்னும் கூடியது.

மாதங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வராந்தாவில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகும் ரகசியம் போலத்தான் பேசினாள்.

"தீபக் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. பூஜா முடிஞ்சு ஆள் எடுக்கப் போறாங்களாம்."

"மேடம்?"

"நான் பிஎச்.டி. இன்டர்வ்யூல எட்டாவது படிச்சவ மாதிரி எப்படிப் பேசணும்னு எனக்கும் சொல்லித் தருவீங்களா?"