கோப்பர்நிக்கஸில் இன்னும் விடியவில்லை

அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும் மொட்டைமாடி அடங்கியது.

மேற்கே வானம் இன்னும் சிவந்து கிடந்தது. தலைக்கு மேல் அரை நிலா.

"தாலமி, அல்போன்சஸ், அர்சாச்சல். மூணு பள்ளமும் வரிசையா நிக்குது. நிழல் பாதி ரொம்பியிருக்கு," என்றார்.

வானியல் சங்கத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். வருடக்கணக்காக ஆட்டிப் பழகிய தலைகள்.

அவர் மனைவி தண்ணீர்த் தொட்டி ஓரமாக டீ ஃபிளாஸ்குடன் நின்றிருந்தாள்.

அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஓரத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். நடுவில் கறுப்பு. இனிமேல் சரியாகாது என்று கண் டாக்டர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

சங்கத்தில் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆட்டோவில் வரும்போதே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவள் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

சங்கம் புதிதாகப் பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கியிருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று இன்று முடிவாகும். அவரை விட்டால் வேறு யார்? செயலாளர் இசக்கிமுத்து அதன் பெட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

ஒரு வாரமாகக் குளியலறைக்குள்ளிருந்து பள்ளங்களின் பெயர் கேட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தார். கேட்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

பாவம் பார்த்தால் பழையது மறந்துவிடுமா?

கல்யாணமான புதிது. இதே மாடி. அன்றைக்கும் அரை நிலா. சங்கத்துக்காரர்கள் நடுவில், கூச்சத்தோடு கண்ணை வைத்தவள், எங்கோ படித்த பெயர் ஒன்றைக் கேட்டாள். கோப்பர்நிக்கஸ் எங்கே இருக்கிறது?

அரை நிலா அன்று அந்தப் பள்ளம் இருட்டுப் பாதியில் கிடக்கும். அங்கே வெயில் படுவதற்கு இன்னும் இரண்டு நாளாகும். புதுப்பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

"இருட்டுல பள்ளம் தேடுறா எம் பொண்டாட்டி," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இசக்கிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கையை எடு. லென்ஸ்ல எண்ணெய் படும்."

எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கை மாடிக்கு டீ மட்டும்தான் கொண்டுவந்தது.

காது சும்மா இருக்கவில்லை. அவர் ஊருக்கெல்லாம் சொன்னதை அது வாங்கி வைத்துக்கொண்டது.

"ஏங்க, கோப்பர்நிக்கஸ் தெரியுதா?" என்றாள் இப்போது.

இவ்வளவு பிரியமாக அவரிடம் அவள் பேசி ரொம்ப நாளாயிற்று. அவர் குளிர்ந்துபோனார்.

"தெரியாம என்ன? நடுவுல இருக்க மூணு மலையும் பளிச்சுன்னு தெரியுதே."

நினைவில் இருக்கிற நிலாவுக்குப் பிறை கிடையாது. அங்கே எல்லாப் பள்ளத்திலும் எப்போதும் வெயில்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அவர் தப்பித்திருப்பார்.

இசக்கிமுத்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். கை தானாகப் போய்ச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

பேச்சு நின்றுபோனதில் அவருக்குப் புரிந்தது. இன்று அரை நிலா என்பது முதலில். கேட்டது யார் என்பது கடைசியில். அவர் முகத்தில் அது ஒவ்வொன்றாக வந்து இறங்குவதை அவள் விடாமல் பார்த்தாள். நன்றாக இருந்தது.

அவர் தடவித் தடவித் தொலைநோக்கியின் குழாயைப் பிடித்துக்கொண்டார், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல.

அவள் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

"கையை எடுங்க," என்றாள். "எண்ணெய் படும்."

எடுத்தார்.

அவள் கண்ணை வைத்தாள். வெளிச்சம் முடிகிற விளிம்பில் மலைகளின் நுனி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரே இருட்டு.

"என்ன தெரியுது?" அவர் அவள் காதோரம் கேட்டார். அவளிடம் அவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

ஆசை தீரப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவரைத் தாண்டி வரிசையில் நின்ற சங்கத்துக்காரர்களைப் பார்த்தாள்.

"அடுத்து யாரு? வாங்க."