கீழே ஆள்

"அந்தக் காவலை அணைச்சுத் தொலை, நெலிதா. அங்கே ஒரு உயிர் போயிட்டிருக்கு."

பின்னால் நின்று கத்தினார் டாக்டர் ஃபௌஸ்தோ. நெலிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால், வெள்ளம் சூழ்ந்த கிராமத்தின் மேல், அவள் அனுப்பிய குட்டி ட்ரோன் பனை உயரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வயிற்றில் பாம்புக்கடி மருந்து. பாட்டரி கரைந்துகொண்டே போனது.

இறங்கச் சொன்னால் இறங்க மறுத்தது. மறுப்பது அதற்குள் இருக்கும் காவல் புரோகிராம். நெலிதாவே எழுதியது. நகத்தளவு சிப்பில் அதற்கு இடம் பிடிக்க, கேமராவையும் அதை ஓட்டும் புரோகிராமையும் கழற்றிப் போட்டிருந்தாள். கீழே மனித உடம்பின் சூடு தெரிந்தால் இறங்க விடாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரையில் ஒரே வரி மினுங்கியது: 'கீழே ஆள்.'

வயர்லெஸ்ஸில் மறுபடி அபெலினோவைப் பிடித்தாள். அந்த ஊரில் ஊசி போடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பாம்பு கடித்திருப்பது அவருடைய மனைவி செராஃபினாவை. கூட்டத்தை விலக்கும்படி நெலிதா கெஞ்சினாள்.

"எந்தக் கூட்டம், இஞ்சினியரம்மா? வேடிக்கை பார்க்க வந்தவங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துல தள்ளிப் பூட்டிட்டேன். நாயைக்கூடக் கட்டிப் போட்டாச்சு. உங்க பறவைதான் மசாத்தோ குடிச்சிட்டு உளறுது. இங்கே இவளுக்கு ஈறுல ரத்தம் கசியுது."

வெயிலில் சூடேறிய தரையை ஆள் என்று நினைத்து அது மிரள்கிறது என்று அடித்துச் சொன்னார் டாக்டர். இருக்கலாம். அத்தனை சின்ன மூளையை எவ்வளவுதான் நம்புவது? இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பாட்டரி போதாமல் அது தானாகத் திரும்பிவிடும். படகில் மருந்து போய்ச் சேர நாளைக்கு ஆகிவிடும். செராஃபினா அதுவரை தாங்கமாட்டாள்.

காவலை அணைக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தாள் நெலிதா.

"இறக்கிடறேன். கையில கிடைச்ச உடனே ஊசி போட்டுடணும். அவங்க பக்கத்துலதானே இருக்காங்க?"

"ஒரு நொடி வீணாகாதும்மா." என்றார் அபெலினோ. "அது இறங்கற இடத்துல, நட்ட நடுவுல பாய் போட்டு அவளைப் படுக்க வெச்சிருக்கேன். மருந்து நேரா அவமேலேயே வந்து இறங்கட்டும்."